ஆறு மணி நேரப் பாவசங்கீர்த்தனம்

விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தின் கதவருகே இந்த வாரம் போய் நிற்கலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தேன். 1517 அக்டோபர் 31, லூதரின் அந்த 95 கருத்துரைகள் எல்லாம் பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்தவைதான். ஆனால் ஒரு மனிதரைப் பார்க்காமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. அவர் யோகான் ஃபான் ஸ்டௌபிட்ஸ். லூதர் இருந்த அகுஸ்தீனார் சபை மடங்களின் தலைவர். வரலாற்று நூல்கள் பலவும் ஒற்றை வரியில் அவரை அனுப்பிவிடுகின்றன. அது பெரிய அநியாயம்.

இடிக்கு நடுங்கிப் புனித அன்னம்மாளிடம் நேர்ந்துகொண்ட இளைஞர் லூதர், 1505 ஜூலையில் எர்ஃபர்ட் மடத்துக்குள் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே போனபின் பட்ட பாடு அதைவிடப் பெரிது. உபவாசம், இரவு விழிப்பு, குளிரில் போர்வையில்லாத படுக்கை. 1507-ல் முதல் பூசை வைக்கும்போது, பரிசுத்தமான கடவுளின் முன் நிற்க நான் யார் என்று பீடத்தின் முன்னேயே உடல் நடுங்கியது. அன்றைய விருந்தில் தகப்பனார் ஹான்ஸ் சும்மா இருந்தாரா? இடியில் உன்னை மிரட்டியது பிசாசாக இருந்தால் என்ன செய்வாய், தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளை எங்கே போயிற்று என்று சபையில் வைத்தே கேட்டுவிட்டார். ஏற்கெனவே புண்பட்டிருந்த நெஞ்சு அது.

பாவசங்கீர்த்தனத்தில் உட்கார்ந்தால் சில நாள் ஆறு மணி நேரம்கூட ஆகும். அறிக்கையிட்ட பாவத்துக்குத்தான் மன்னிப்பு என்றால், மறந்துபோன பாவத்தின் கதி என்ன? தெரியாமல் செய்ததை எப்படிச் சொல்வது? துக்கப்படுவது கடவுள்மேல் உள்ள அன்பினாலா, நரக பயத்தினாலா? பயத்தினால் என்றால் அந்தத் துக்கமும் செல்லாதே! எழுந்து போன வேகத்தில் ஏதோ ஒன்று ஞாபகம் வர, திரும்பி ஓடிவருவார். இதைப் பொறுமையாகக் கேட்டவர் ஸ்டௌபிட்ஸ். ஒரு கட்டத்தில் அவரும் சலித்துப்போய், மன்னிப்புக் கேட்க வருகிறவன் மன்னிக்கத்தக்க பெரிய பாவத்தோடு வரட்டும், இந்தச் சில்லறைகளை எல்லாம் கட்டிக்கொண்டு வராதே என்று கடிந்துகொண்டாராம். ஆனாலும் அவரை விட்டுவிடவில்லை. உன்னையே தோண்டிக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்றார். மெய்யான மனந்திரும்புதல் கடவுள்மேல் உள்ள அன்பில்தான் தொடங்குகிறது என்றும் சொன்னார். நாம் அதைக் கடைசிப் படியாக நினைக்கிறோம், அவரோ முதல் படியாக வைத்தார். அந்தச் சொல் வானத்திலிருந்து வந்த குரல்போல் தன்மேல் விழுந்தது என்று 1518-ல் லூதர் அவருக்கே கடிதம் எழுதினார்.

அவர் கொடுத்த மருந்து இன்னும் துணிச்சலானது. குற்றவுணர்வில் நொறுங்கிக் கிடந்தவரை, வேதம் கற்பிக்கும் வேலைக்கே அனுப்பினார். மடத்தின் பேரிமரத்தடியில் நடந்த அந்தப் பேச்சை லூதர் பிற்காலத்தில் சாப்பாட்டு மேசையில் சொல்வதுண்டு. அந்த வேலையை ஏற்றால் நான் செத்தே போவேன் என்று லூதர் சொல்ல, நல்லது, பரலோகத்திலும் கடவுளுக்குக் கெட்டிக்காரர்கள் தேவை என்று அவர் பதில் சொன்னாராம். 1512 அக்டோபரில் டாக்டர் பட்டம். 1513-ல் சங்கீதங்கள், 1515-ல் ரோமர் நிருபம் என்று வகுப்புகள்.

ரோமர் முதல் அதிகாரம் 17-ஆம் வசனம்தான் அவரை நெடுநாள் வதைத்தது. கடவுளின் நீதி என்றாலே தண்டனைக் கோல்தான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட கடவுளை உள்ளூர வெறுத்ததாகவே 1545-ல் எழுதிய முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். இரவும் பகலும் அந்த வசனத்தோடு மல்லுக்கட்டியபின் தெளிந்தது: அந்த நீதி நம்மிடம் கேட்கப்படுவது அல்ல, விசுவாசிக்கிறவனுக்கு இலவசமாகக் கொடுக்கப்படுவது. மறுபிறப்படைந்து பரதீசின் திறந்த வாசல்களுக்குள் நுழைந்ததாக உணர்ந்தார். ஆறு மணி நேரம் தன்னைத் தேடித் தேடிக் களைத்தவருக்கு இது எத்தனை பெரிய விடுதலை! என்னைக் கேட்டால், இதனோடு ஒப்பிட்டால், பின்னாளில் வோர்ம்ஸ் சபையில் சக்கரவர்த்தியின் எதிரே நின்ற வீரம்கூட இரண்டாம் பட்சம்தான்.

ஸ்டௌபிட்ஸ் சீடனோடு கடைசிவரை வரவில்லை. 1518-ல் லூதரைக் கீழ்ப்படிதல் வாக்கிலிருந்து விடுவித்தார். பிறகு சால்ஸ்பர்க்கில் பெனடிக்ட் சபை மடாதிபதியாகி, 1524-ல் கத்தோலிக்கராகவே இறந்தார். கோழை என்பவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்லமாட்டேன். மடாதிபதி இறந்து இருபது ஆண்டுக்குப் பிறகும் லூதர் அவரைத் தன் ஞானத் தந்தை என்றே நன்றியோடு குறிப்பிட்டார்.

கதவுக்குப் போக இந்த வாரம் இடமில்லை. அடுத்த வாரம் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற தெட்செல் வருகிறார். சாக்சனி இளவரசர் ஃபிரெடெரிக் அவரைத் தம் எல்லைக்குள் விடவில்லை. விட்டன்பர்க் மக்களோ எல்லை தாண்டி யூட்டர்போகுக்குப் போய், காசு கொடுத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கிவந்து, பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருந்த லூதரிடமே நீட்டினார்கள்.