காற்றைச் சுருள்வில்லாக்கியவர்

வீணையின் குடம் பாடவேண்டும். பலாமரத்தைத் தேர்ந்து, குடைந்து, தட்டிப் பார்த்துச் செய்வதெல்லாம் தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கி அந்தக் குடம் தன் குரலாக வெளியிடவேண்டும் என்பதற்காகத்தான். ஒலிபெருக்கியின் பெட்டிக்கு விதி இதற்கு நேர்மாறானது. அது பாடவே கூடாது. பாடினால், பாடகரின் குரலோடு பலகையின் குரலும் கலந்துவிடும். அப்படியானால் பெட்டி எதற்கு என்ற கேள்வி எழுகிறதல்லவா?

1925ஆம் ஆண்டில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாக்கும் வகுத்தளித்த அமைப்பே இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் அடிப்படை. காந்தப் புலத்தினுள் ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு. கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று நெகிழ்கிறது. உச்ச ஸ்தாயியில் இதனால் பெரிய தீங்கில்லை. மந்தர ஸ்தாயியின் அலைகளோ பல அடி நீளமுள்ளவை. அவை கூம்பின் விளிம்பைச் சுற்றி வந்து எதிர் அலையோடு கலந்து அழிந்துபோகின்றன. ஆகவே பின்புற ஒலியைச் சிறைவைக்க ஒரு பெட்டி தேவையாயிற்று.

சிறைப்பட்ட காற்று சும்மா இருப்பதில்லை. உள்ளே வரும் கூம்பை வெளியே தள்ளுகிறது. வெளியே செல்வதை உள்ளே இழுக்கிறது. பெட்டி சிறுத்தால் இந்த எதிர்ப்பு விறைக்கிறது. கூம்பின் இயல்பதிர்வு மேலே ஏறுகிறது. அதற்குக் கீழுள்ள தொனிகள் தேய்ந்துவிடுகின்றன. அக்காலக் கூம்புகளின் விளிம்புப் பிடிப்பும் ஏற்கெனவே விறைப்பானது. அதன்மேல் காற்றின் விறைப்பும் சேர்ந்தால் அடித்தொனி போயிற்று. எனவே பெட்டியைப் பெரிதாக்குவதொன்றே வழி என்று கருதினார்கள். எட்டு, பத்துக் கன அடிப் பெட்டிகள் இசைப்பிரியர்களின் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிபோல் நின்றன. பால் கிளிப்ஷ் 1946 வாக்கில் செய்த ஒலிபெருக்கி அறையின் மூலைச் சுவர்களையே தன் ஊதுகொம்பின் நீட்சியாக்கிக்கொண்டது. சிலப்பதிகாரம் தாழ்ந்த ஸ்தாயியை மெலிவு என்கிறது. மெலிவை எழுப்ப இத்தனை பருத்த பெட்டி வேண்டியிருந்தது வேடிக்கைதான்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் எட்கர் வில்ச்சர். 1917இல் நியூயார்க்கில் பிறந்தவர். கல்லூரியில் அவர் முதுகலைப் பட்டம் பெற்றது கலை வரலாற்றில். மின்னணுவியலைக் கற்றது இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு இதை எழுதத் துணியும் எனக்கு அவருடைய பட்டம் சற்றே ஆறுதல் தருகிறது. போருக்குப்பின் கிரீனிச் வில்லேஜில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மீட்டுருவாக்கம் குறித்து மாலை வகுப்பெடுத்தார்.

அவர் கண்டது எளிய ஒன்று. காற்றின் எதிர்ப்பைப் பகையாக எண்ணிப் பெட்டியைப் பெருக்குவானேன்? துணியும் காகிதமுமான பிடிப்பே உண்மையான குற்றவாளி. கூம்பு சிறிதளவு அசையும்வரை அது ஒழுங்காக நடந்துகொள்கிறது; தூரம் கூடினால் முரண்டுபிடிக்கிறது. அந்த முரண்டு ஒலித்திரிபாகக் காதில் விழுகிறது. அடைபட்ட காற்றோ, இழுத்த அளவுக்கேற்பத் திரும்ப இழுக்கும் நாணயமான சுருள்வில். ஆகவே பிடிப்பை வேண்டுமென்றே தளரவிட்டு, கூம்பை மீட்கும் வேலையைக் காற்றிடமே ஒப்படைத்தார். பெட்டி சிறிதாக இருப்பது இப்போது குறையன்று. அதுவே அமைப்பின் தேவை. உள்ளே கண்ணாடி இழையை அடைத்ததால், காற்று அழுந்தும்போது எழும் வெப்பத்தை இழைகள் உறிஞ்சிக்கொண்டன. சிறிய பெட்டி தன் கொள்ளளவைவிடச் சற்றுப் பெரியதுபோல் நடந்துகொண்டது.

முதல் மாதிரியின் தளர்ந்த விளிம்பு பழைய மெத்தைத் துணியால் ஆனது. அதற்கான வடிவத்தை வரைந்தவர், போர்க்காலத்தில் வரைவாளராகப் பணியாற்றிய அவர் மனைவி ரோஸ்மேரி. நிறுவனங்கள் இந்த யோசனையை வாங்க மறுத்தன. மாலை வகுப்பு மாணவர் ஹென்றி க்ளாஸ் முன்வந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அவரிடம் இடமும் பெட்டி செய்யும் அனுபவமும் இருந்தன. 1954இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனம் பிறந்தது, ஏஆர்-1 வெளிவந்தது. உள்ளே அடங்கிய காற்று 50 லிட்டருக்கும் குறைவு. அடித்தொனியோ 40 ஹெர்ட்ஸை ஒட்டிய ஆழம்வரை. புத்தக அலமாரியில் வைக்கத்தக்கது என்றார்கள். (அலமாரி உறுதியானதாக இருக்கவேண்டும், எடை அப்படி.)

சிறு பெட்டியில் இழப்பே இல்லாமல் பேரொலி என்று விளம்பரங்கள் அன்றுமுதல் சொல்லி வருகின்றன. இந்த ‘இழப்பின்றி’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. வில்ச்சரின் பெட்டி ஒன்றை இழக்கவே செய்தது: திறனை. ஊட்டிய மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட ஒலியாக மாறவில்லை. இதன் கணக்கைச் சொன்னவர், 1957இல் க்ளாஸ் பிரிந்துபோய்த் தொடங்கிய கேஎல்எச் நிறுவனத்தின் பங்காளி ஆன்டன் ஹாஃப்மன். பியானோ மேதை யோசெப் ஹாஃப்மனின் மகன். சிறிய பெட்டி, ஆழ்ந்த அடித்தொனி, உயர்ந்த திறன் ஆகிய மூன்றில் இரண்டையே பெறலாம். பெட்டியை மாற்றாமல் அடித்தொனியின் எல்லையை 80 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறக்கினால் திறன் எட்டிலொன்றாகிவிடும். திறனும் குறையக்கூடாது என்றால் பெட்டி எட்டு மடங்காக வேண்டும். பேரத்துக்கு இடமில்லாத இக்கணக்கை ‘இரும்பு விதி’ என்கிறார்கள்.

வில்ச்சரின் கூர்மை, இழப்பை எங்கே வைப்பது என்று தெரிந்ததில் இருக்கிறது. 1947இல் வில்லியம்சன் வெளியிட்ட சுற்றமைப்புக்குப் பிறகு, திரிபு குறைந்த, ஆற்றல் மிகுந்த ஆம்ப்ளிஃபயர்கள் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருந்தன. வாட்டுகள் மலிந்துகொண்டிருந்தன, வீட்டின் இடம் மலியவில்லை. 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டு சந்தைக்கு வந்தபோது ஒரே அறையில் இரண்டு ராட்சதப் பெட்டிகளை வைக்க எத்தனை குடும்பங்கள் இணங்கியிருக்கும்?

அடுத்து வந்த ஏஆர்-3இல் உச்சத் தொனிகளுக்காகக் குவிமாட வடிவச் சிறு ஒலிபெருக்கியை வில்ச்சர் புகுத்தினார். அதைச் சோதித்த விதம் எனக்குப் பிடித்தமானது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழு மேடையில் வாசிக்கும். இடையில் வில்லைத் தந்திமேல் ஓசையின்றி இழுத்து நடிக்கும். ஒலி பெட்டிகளிலிருந்து வரும். மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று அவையினர் பலருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நால்வரில் மிகத் தாழ்ந்து ஒலிப்பது செல்லோ. அதன் அடிச்சுரம் 65 ஹெர்ட்ஸ். பெட்டியின் ஆழத்தை இந்தச் சோதனை முழுதாகக் கேட்கவில்லை. அதற்கு முன்பு தேவாலயமொன்றில் பைப் ஆர்கனோடு நடத்திய ஒப்பீடே கடுமையான தேர்வு.

இதே விதிக்கு 1970களில் பிபிசி பொறியாளர்கள் வேறொரு விடை எழுதினார்கள். வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக அவர்கள் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ ஏறத்தாழ 5 லிட்டர்தான். வில்ச்சர் ஆழத்தைக் காத்துத் திறனைக் கொடுத்தார்; இவர்கள் ஆழத்தையும் விட்டார்கள், திறனையும் விட்டார்கள். மனிதக் குரலின் மெய்ம்மையை மட்டும் விடவில்லை. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய மேட்டை வைத்து, அதற்குக் கீழே இல்லாததை இருப்பதுபோல் தோன்றச் செய்தார்கள். இதை ஏமாற்று என்பாரும் உண்டு. எனக்கு அது நல்ல சுருக்கம் என்றே படுகிறது.

இன்றைய கைபேசிகள் காதை இன்னும் துணிவாக நம்புகின்றன. அடிப்படைத் தொனி இல்லாமற்போனாலும் அதன் மேல்மடங்குகள் கேட்டால், செவி அடிப்படையைத் தானே ஊகித்துக்கொள்ளும். மிருதங்கத் தொப்பியின் அடி அந்தச் சிறு துளைவழி அடையாளம் தெரிவது அதனால்தான். மார்பில் அதிர்வது அங்கே இல்லை.

வில்ச்சரின் காப்புரிமை 1956இல் கிடைத்தது. பின்னர் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆர்சிஏவின் ஹாரி ஓல்சன் ஒத்த கருத்தை முன்பே பதிவுசெய்திருந்தார். வில்ச்சர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. 1967இல் நிறுவனத்தை விற்றுவிட்டு, எல்லாவற்றிலும் சிறிய ஒலிபெருக்கியைத் தாங்கும் கருவியான காதுகேள் கருவியின் பக்கம் திரும்பினார். உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் வெவ்வேறு அளவில் பெருக்கி, அதையும் தாழ்தொனிக்கும் உயர்தொனிக்கும் தனித்தனியே செய்யும் முறையை 1973இல் வெளியிட்டார். இம்முறை அவர் காப்புரிமை கோரவில்லை. கருவி செய்வோர் அதை எடுத்துக்கொண்டார்கள். 2011இல் அவர் மறைந்தபோது அந்த முறை பல்லாயிரம் செவிகளுக்குள் இயங்கிக்கொண்டிருந்தது.