பாலத்துக்கு மேலே யாரு?

1856 மே 6. மிசிசிப்பியில் மேல்நோக்கிப் போன 'எஃபி ஆஃப்டன்' என்ற நீராவிக் கப்பல் ராக் ஐலண்ட் ரயில் பாலத்தின் தூணில் மோதியது. அடுப்பு கவிழ்ந்து கப்பல் எரிந்தது. பாலத்தின் ஒரு பகுதியும் எரிந்தது. அந்த ஆற்றின் குறுக்கே போடப்பட்ட முதல் ரயில் பாலம் அது. ரயில் ஓடத் தொடங்கி இரண்டு வாரம்தான்.

தூண்கள் நீரோட்டத்தைத் திருப்புகின்றன, பாலமே இடைஞ்சல் என்று கப்பல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1857 செப்டம்பரில் பாலக் கம்பெனிக்காக வாதாடியவர் ஆபிரகாம் லிங்கன். கப்பலின் வலப்பக்கச் சக்கரம் வேலை செய்யவில்லை என்றார். முதல் 17 நாளில் 20 விபத்து; பிறகு ஓராண்டுக்கும் மேல் 20 மோதல், அதில் 7தான் விபத்து; ஓட்டிகள் பழகிவிட்டார்கள் என்று கணக்குக் காட்டினார். ஆற்றோடு போகிறவனுக்குள்ள உரிமை ஆற்றைக் கடப்பவனுக்கும் உண்டு என்பது அவர் வாதத்தின் மையம். ஜூரிகளுக்குள் உடன்பாடு வரவில்லை. வழக்கு தொங்கிப்போச்சு.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த ராக் ஐலண்ட் தீவின் கோட்டையில்தான் 1830களில் டிரெட் ஸ்காட் என்ற கறுப்பின அடிமை, ராணுவ மருத்துவரான எஜமானோடு வாழ்ந்தார். அடிமைமுறை இல்லாத மண்ணில் வாழ்ந்ததால் நான் சுதந்திரமானவன் என்று வழக்காடினார். 1857 மார்ச்சில் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி டானி எழுதிய தீர்ப்பு: கறுப்பர்கள் இந்நாட்டின் குடிமக்களே அல்ல, இந்த வழக்கைப் போடவே அவருக்கு உரிமையில்லை. அதே தீவு, ஆறு மாத இடைவெளி. லிங்கன் அந்தத் தீர்ப்பைக் கண்டித்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் 'கடக்கும் உரிமை' என்ற சொல்லாடலுக்குள் ரயிலுக்கு இடம் கிடைத்தது, ஸ்காட்டுக்குக் கிடைக்கவில்லை.

டானியின் மைத்துனர் பிரான்சிஸ் ஸ்காட் கீ. அவர் பெயர் தாங்கிய பால்டிமோர் பாலம் 1977இல் திறக்கப்பட்டது. கப்பல்கள் பெருத்தன, தூண்களுக்கான காப்பு அந்த அளவுக்குப் பெருக்கவில்லை. 2024 மார்ச் 26 அதிகாலை, மின்சாரம் போய்க் கட்டுப்பாடு இழந்த 'டாலி' என்ற சரக்குக் கப்பல் அதன் தூணில் மோதியது. கப்பலிலிருந்து எச்சரிக்கை வந்ததும் இரண்டு பக்கமும் வாகனங்களை நிறுத்திவிட்டார்கள். மேலே சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சேதி எட்டவில்லை. ஆறு பேர் செத்தார்கள். எல்லாரும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள்.

தூணுக்கும் கப்பலுக்கும் எவ்வளவு இடைவெளி வேணும் என்று அளப்பது அவசியம்தான். அந்தக் கணக்கில் யாரு தலை விட்டுப்போச்சு என்று கேட்பதும் பாதுகாப்பு பற்றிய கேள்விதான்.