மெயின் தெருவில் மண்வெட்டி: ஒரு டிராம் நிலையத்தின் கதை

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் நடுவே, ஆறாம் தெருவும் மெயின் தெருவும் சந்திக்கிற மூலையில் பசிபிக் எலக்ட்ரிக் கட்டடம் நிற்கிறது. 1905 சனவரியில் திறந்தார்கள். நகரத்திலிருந்து கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் பழத்தோட்ட ஊர்களுக்கும் ஓடிய மின்சார டிராம்களுக்கு இதுதான் தலைமை நிலையம். வண்டிகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்திருந்ததால் சனங்கள் ‘ரெட் கார்’ என்றே சொன்னார்கள். தரைத்தளத்துக்குள்ளேயே வண்டி வந்து நிற்கும். அதற்கு மேலே அலுவலகங்கள். உச்சி மாடிகளில் ஜொனாதன் கிளப் என்ற பணக்காரர் மன்றம், 1925 வரைக்கும் அங்கேதான் இருந்தது. கூட்டம் கீழே இடித்துக்கொண்டு ஏறும், முதலாளிமார் மேலே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

கட்டடங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை வரைந்த தார்ன்டன் ஃபிட்ஸ்ஹ்யூவைச் சொல்வார்கள். கட்டிய முதலாளி ஹென்றி ஹன்டிங்டனைச் சொல்வார்கள். சரி, இந்த வாசலுக்கு வந்து சேர்ந்த தண்டவாளத்தை யாரு போட்டது? அதைக் கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் கட்டடம் திறப்பதற்கு இரண்டு வருசம் பின்னால், இதே மெயின் தெருவுக்குப் போகணும்.

1903 வசந்தம். மெயின் தெருவைத் தோண்டித் தண்டவாளம் பதித்துக்கொண்டிருந்தார்கள். மண் வெட்டியவர்கள், கட்டை சுமந்தவர்கள், இரும்பு தூக்கியவர்கள் பெரும்பாலும் மெக்சிகர்கள். இந்த நகரமே 1848 வரை மெக்சிகோவின் ஊர்தான். போரில் எல்லைக்கோடு நகர்ந்தது, சொந்தக்காரன் கூலியானான். மணிக்கு 17.5 சென்ட் கூலி. அவர்கள் ‘யூனியோன் ஃபெடரல் மெக்சிகானோஸ்’ என்று சங்கம் கட்டினார்கள். ஏப்ரலில் மணிக்கு 20 சென்ட் கேட்டார்கள். இரவு வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் தனிக் கூலி கேட்டார்கள். உள்ளூர் அதிகாரிகள் முதலில் தலையாட்டினார்கள். ஹன்டிங்டன் அதை ரத்து செய்தார். சுமார் 700 பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள்.

வேலைநிறுத்தத்துக்கு அவர்கள் பார்த்த நேரம் சும்மா இல்லை. மே மாதத் தொடக்கத்தில் நகரத்தின் பெரிய திருவிழா. அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் வருகிறார். அதற்குள் மெயின் தெருப் பாதை முடிந்தாக வேண்டும். கம்பெனி என்ன செய்தது? வேறு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. அப்படி வந்தவர்களுக்கு, சங்கம் கேட்ட 20 சென்டைவிடக் கூடுதலாகவே கொடுத்தது! காசு இல்லாமலா மறுத்தார்கள்? காசு பிரச்சினையே இல்லை. இந்தக் கூலிகள் சங்கமாக நின்று கேட்டு, அதற்குப் பணிந்து கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

அப்போதுதான் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 30க்கும் மேற்பட்ட மெக்சிகப் பெண்கள் மெயின் தெரு வேலையிடத்துக்குள் புகுந்து, புதிதாக வந்த ஆட்களின் கையிலிருந்த மண்வெட்டியையும் கடப்பாரையையும் பிடுங்கினார்கள். வேலை நடக்கிற இடத்தில் போலீஸ் காவல் நின்றது. அன்றைய செய்தித்தாள் இவர்களை ‘அமேசான்கள்’ என்று நக்கலடித்தது. ஆனால் நக்கலடிக்கவாவது எழுதி வைத்ததால்தான் அந்த நாள் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1970களில் இந்த வேலைநிறுத்தத்தை ஆராய்ந்தவர்கள் அந்தப் பகைமையான பத்திரிகை வரிகளுக்குள்ளிருந்துதான் இவர்களைத் தோண்டி எடுத்தார்கள். எதிரியின் ஏட்டைத் தலைகீழாகப் படிப்பதும் ஒரு வரலாற்று முறைதான்.

அடுத்து நடந்ததுதான் கசப்பு. டிராம் ஓட்டிய, டிக்கெட் போட்ட வெள்ளைத் தொழிலாளர்களும் ஏப்ரல் கடைசியில் வேலைநிறுத்தம் செய்வதாக ஏற்பாடு. 700க்கும் மேற்பட்டவர்களில் இறங்கி வந்தவர்கள் பன்னிரண்டு பேர். வண்டி ஓடியது. மெக்சிகர் சங்கம் தோற்றது. தண்டவாளம் போடுகிறவனும் அதன் மேல் வண்டி ஓட்டுகிறவனும் ஒரே முதலாளியிடம்தான் கூலி வாங்கினார்கள். ஆனாலும் நிறம் நடுவே நின்றது. வர்க்கம் ஒன்றானால் எல்லாம் தானே ஒன்றாகிவிடும் என்று சொல்லுகிறவர்கள் இந்தப் பன்னிரண்டு என்ற எண்ணைக் கொஞ்சம் மனசில் வைக்கணும்.

இந்த வண்டியை ஹன்டிங்டன் டிக்கெட் காசுக்காக மட்டும் ஓட்டவில்லை. அவருக்கு நிலக் கம்பெனியும் இருந்தது. வெற்று நிலத்தை மலிவாக வாங்குவது, அங்கே டிராம் விடுவது, பிறகு மனை போட்டு விற்பது. இப்படி நகரமெங்கும் முளைத்த பல குடியிருப்புகளின் பத்திரங்களில் வெள்ளையரல்லாதவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல். அதுவரைக்கும் தண்டவாளம் போட்டவர்களின் பிள்ளைகள் அந்தத் தெருக்களில் வேலைக்காரர்களாகத்தான் நுழைய முடிந்தது. தண்டவாளக் கூலிகளுக்குக் கம்பெனி கொடுத்தது பாதையோரத்து முகாம்களை.

அப்படிப்பட்ட பாதையோரத்தில் வளர்ந்த ஊர்களில் ஒன்று வாட்ஸ். மெயின் தெரு நிலையத்திலிருந்து லாங் பீச் துறைமுக நகரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. மெக்சிகர்கள் இருந்தார்கள், பிறகு தெற்கு மாநிலங்களிலிருந்து கருப்பின மக்கள் வந்து நிறைந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்களும் விரைவுச் சாலைகளும் பெருகின. கம்பெனி நஷ்டக் கணக்குக் காட்டியது. 1953இல் பயணிகள் வண்டியை ஒரு பேருந்து நிறுவனத்துக்கு விற்றது. தடங்கள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக மிஞ்சியது இந்த லாங் பீச் வண்டிதான். 1961 ஏப்ரலில் அதுவும் நின்றது. நாலு வருசம் கழித்து, 1965 ஆகஸ்டில் வாட்ஸ் கொந்தளித்தது. 34 பேர் செத்தார்கள். அரசு போட்ட மக்கோன் கமிஷனே, போக்குவரத்து வசதி மோசமாக இருப்பதால் அந்தச் சனங்கள் வேலை தேடிப் போகக்கூட முடியவில்லை என்று எழுதியது. போலீஸ் அடியும் வேலையின்மையும் பெரிய காரணங்கள். வண்டி நின்றதும் அதில் ஒரு கண்ணி. வாட்ஸில் கடைத்தெரு எரிந்தபோது, 1904இல் கட்டிய சின்ன மர டிராம் நிலையம் மட்டும் எரியாமல் நின்றது. வண்டி வராத நிலையம். அதே பாதையில் மறுபடி ரயில் ஓட 1990 ஜூலை வரைக்கும் காத்திருந்தார்கள்.

மறுபடி மெயின் தெருவுக்கு வருவோம். வண்டி போன பிறகும் கட்டடம் இருந்தது. 1999இல் நகர நிர்வாகம் பழைய அலுவலகக் கட்டடங்களைக் குடியிருப்பாக மாற்றுவதற்கு விதிகளைத் தளர்த்தியது. 2005இல் பசிபிக் எலக்ட்ரிக் கட்டடம் 300க்கும் மேற்பட்ட வாடகை வீடுகளாக மாறியது. 2009இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம் பிடித்தது. இடிக்காமல் விட்டது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் மெயின் தெருவிலிருந்து கிழக்கே திரும்பினால் ஸ்கிட் ரோ. வீடில்லாத ஆயிரக்கணக்கானோர், அதில் மிகப் பலர் கருப்பினத்தவர், நடைபாதையில் கூடாரம் போட்டுக் கிடக்கிற இடம். அங்கே படுத்ததற்காகப் பிடிபட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தங்க இடம் இல்லாதவனைத் தெருவில் படுத்தான் என்று தண்டிப்பது கொடுமை என்றது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஓரிகான் மாநிலத்து வழக்கு ஒன்றில், அப்படித் தண்டிப்பது கொடுமையான தண்டனை ஆகாது என்றது. பழைய கட்டடத்துக்கு மறுவாழ்வு கொடுக்கத் தெரிந்த நகரத்துக்கு, அதன் பக்கத்துத் தெருவில் படுத்திருக்கிறவனுக்கு ஒரு கூரை போடத் தெரியவில்லை.

ஹன்டிங்டன் பேரில் நூலகம் இருக்கிறது, கடற்கரை ஊர் இருக்கிறது. கம்பெனி பேரில் கட்டடம் இருக்கிறது. மண்வெட்டியைப் பிடுங்கிய அந்த முப்பது பெண்களுக்குச் செய்தித்தாள் வைத்த பட்டப்பேர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எந்த ஊரிலும் பழைய கட்டடம் ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாராவது பெருமை பேசினால் மூன்று கேள்வி கேட்போம். இதைக் கட்ட மண் சுமந்தது யார்? இந்த வழியாக யார் வர முடிந்தது, யார் வர முடியவில்லை? இப்போது இதற்குள் யார் இருக்கிறார்கள், வாசலுக்கு வெளியே யார் படுத்திருக்கிறார்கள்? பதில் கிடைக்கும்வரை அந்தக் கட்டடத்தின் வரலாறு பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. மீதியை நாம்தான் எழுதணும்.