கிண்டிப் புல்வெளியும் மீஞ்சூர்க் கிணறும்

ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் வளர்ந்த கோல்ஃப் ஆட்டத்தை ஆங்கிலேயர் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள். கல்கத்தாவில் 1829-லேயே கிளப் வந்துவிட்டது. சென்னையில் 1884-இல் தோன்றிய ஜிம்கானா கிளப், கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் நடுவே 18 குழி மைதானத்தைப் பேணிவந்தது. ஊருக்கு வெளியே இருந்த கிண்டியைப் பிற்பாடு நகரம் சூழ்ந்துகொண்டது. புல்லும் மரமும் மட்டும் அப்படியே நின்றன. அந்தப் பசுமையைக் காத்தவர்கள் கிளப் உறுப்பினர்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அதற்கு விலை கொடுத்தது யார் என்பதுதான் கேள்வி.

விடை குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. கிண்டித் திடல் அமைந்த சுமார் 160 ஏக்கர் அரசு நிலம் 1945-இல் குதிரைப் பந்தய கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகையாகப் போனது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். வாடகையை உயர்த்துவது பற்றிய வழக்கு நெடுங்காலம் நடந்து, 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று 2023-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. சந்தை வாடகை கொடுத்து எந்தப் புல்தரையும் நகர நடுவே இத்தனை காலம் தாங்கியிருக்காது. கிண்டியின் பசுமை, பொதுமக்கள் தெரியாமலே கொடுத்துவந்த மானியம்.

அதே காலத்தில் நகரின் வடக்கே வேறு கணக்கு ஓடியது. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை, மீஞ்சூர் வட்டாரத்து ஆழ்குழாய்கள் சென்னைக்காக ஆண்டுக்கணக்கில் இறைத்தன. நன்னீர் வற்றிய மண்ணுக்குள் கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் புகுந்தது. விவசாயக் கிணறுகள் உப்பேறின. கடைசியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010-இல் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில் வந்தது. மீஞ்சூர் நீர்தான் கிண்டிப் புல்லுக்குப் பாய்ந்தது என்று நான் சொல்லவில்லை. நகரம் தெற்கே சிலருக்கு நிலத்தை ஏறக்குறைய இலவசமாக விட்டுவைத்தது. வடக்கே பலரின் நீரை எடுத்துக்கொண்டது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

‘கிளப் இல்லாவிட்டால் அங்கே அடுக்குமாடிகள் எழுந்திருக்குமே’ என்பார்கள். வலுவான வாதம்தான். அரசு கைக்கு வந்த எத்தனையோ ஏரிகள் கட்டடங்களாகிவிட்டன என்பதை நாமே பார்த்திருக்கிறோம். ஆனால் இந்த வாதம் நிலம் திறந்தவெளியாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நிறுவுகிறது. சிலருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும் என்பதை அல்ல. வேளச்சேரியின் வெள்ளத்தைக் குறைக்க, மழைநீர் தேங்கும் குளங்கள் இப்போது அந்தத் திடலில் வெட்டப்பட்டிருக்கின்றன. பசுமைப் பூங்காவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அரசாணையை இன்னொரு அரசாணை மாற்றிவிடும். எனவே இங்கே கட்டடம் கூடாது என்பதைச் சட்டமாகவே எழுத வேண்டும். அந்தச் சட்டம் கிண்டியோடு நின்றுவிடவும் கூடாது. மீஞ்சூர், அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிகளில் மிஞ்சியிருக்கும் ஏரிகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் அதே காப்பு கிடைக்க வேண்டும். விலை கொடுத்த மக்களுக்கு நகரம் பட்டிருக்கும் கடன் அது.