நேத்து எங்கெல்லாம் போனீங்க?

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, கையில் டேப்லட்டோடு ஒரு பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். போக்குவரத்துக் கணக்கெடுப்பு. கல்லூரி மாணவன், பார்ட் டைம் வேலை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டான்.

"நேத்து எங்கெல்லாம் போனீங்க சார்?"

நான் சொன்னேன். ஆபீஸ், திரும்ப வீடு, இரண்டும் பைக்கில். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் பதிவானது. அடுத்து அம்மாவிடம் திரும்பினான்.

"நீங்க எங்கம்மா போனீங்க?"

"நான் எங்கப்பா போறேன்? வீட்லயேதான் இருந்தேன்."

பூஜ்யம் என்று போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். மத்தியானம் சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. அம்மா காலையில் என் மகளைப் பள்ளியில் விட்டிருக்கிறாள், வழியில் கீரை வாங்கியிருக்கிறாள், சாயந்திரம் மறுபடி பள்ளி, அப்புறம் கோயில். எல்லாம் நடை. எங்கள் வீட்டில் அன்று அதிக முறை வெளியே போனது அவள்தான். அவள் கணக்கில் பூஜ்யம்.

நான் வழி கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுகிறவன். என் வேலைக்குள் வந்து விழும் எண்கள் எங்கே பிறக்கின்றன என்று அன்றுதான் முதல்முறையாக யோசித்தேன். தேடிக்கொண்டே போனதில் 1950களின் சிகாகோவில் போய் நின்றேன்.

*

இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் அமெரிக்க நகரங்களுக்கு ஒரு சிக்கல். 1944ஆம் ஆண்டின் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் நகரங்களுக்குள்ளும் நெடுஞ்சாலை போடப் பணம் தந்தது. எங்கே போடுவது? ஊருக்கு வெளியே என்றால் வண்டியை ஓரங்கட்டி, "எங்கிருந்து வர்றீங்க, எங்கே போறீங்க" என்று கேட்டுவிடலாம். நகரத்துக்குள் அப்படி நிறுத்தினால் கேள்வியே நெரிசலாகிவிடும். ஆகவே வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பப்ளிக் ரோட்ஸ் என்ற மத்திய அரசின் சாலைத் துறை, வீடு வீடாகப் போய் முந்தைய நாள் பயணங்களைக் கேட்கும் முறையை வகுத்தது. 1944இல் துல்சா, மெம்ஃபிஸ், நியூ ஆர்லியன்ஸ் உள்ளிட்ட ஏழு நகரங்களில் அதை முயன்று பார்த்தார்கள்.

இது சாதாரண மாற்றம் இல்லை. சாலைத் துறை எண்ணுவது வண்டிகளை. பேருந்து நிறுவனம் எண்ணுவது டிக்கெட்டுகளை. ரயில் கம்பெனிக்கு அதன் ஸ்டேஷன் கணக்கு. பேருந்தில் போய், இறங்கி ரயில் பிடிக்கும் ஒரு மனுஷி இரண்டு ஏடுகளில் இரண்டு ஆட்களாக இருப்பாள். அவள் ஒருத்திதான் என்பது அவள் வீட்டில் மட்டும்தான் தெரியும். துறைகள் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும்.

டெட்ராய்ட்டில் 1953 முதல் 1955 வரை அப்படியொரு பெரிய ஆய்வை நடத்தியவர் ஜே. டக்ளஸ் கரோல். அது முடிந்ததும் சிகாகோ அவரை அழைத்துக்கொண்டது. 1955இல் 'சிகாகோ ஏரியா டிரான்ஸ்போர்ட்டேஷன் ஸ்டடி' தொடங்கியது. சுருக்கமாக 'கேட்ஸ்'. இல்லினாய் மாநிலம், குக் கவுண்டி, சிகாகோ நகராட்சி, மத்திய அரசின் சாலைத் துறை என நால்வர் சேர்ந்து நடத்திய ஆய்வு இது.

நால்வரும் ஏன் ஒரே மேசைக்கு வந்தார்கள்? வேறு வழியில்லை. நகரின் மேற்கே போகும் காங்கிரஸ் விரைவுச்சாலையை நகராட்சி, கவுண்டி, மாநிலம் மூன்றும் பங்கு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தன. ஒரே சாலை, மூன்று முதலாளிகள். அடுத்த சாலை எங்கே என்பதில் ஆளுக்கொரு எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் எதுவும் நகராது. 1956இல் மாநிலங்களுக்கிடையேயான நெடுஞ்சாலைகளுக்கான செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே தரும் என்ற சட்டமும் வந்தது. பணம் காத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு கணக்குதான் தேவைப்பட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேருந்தையும் மின்சார ரயிலையும் ஓட்டிய சிகாகோ டிரான்சிட் அதாரிட்டி அந்த நால்வரில் இல்லை.

*

முப்பது வீட்டுக்கு ஒரு வீடு என்ற விகிதத்தில், 1956இல் சுமார் 50,000 வீடுகளுக்குப் போனார்கள். கிடைத்த பதில்களை விரித்துப் பார்த்தால், 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பகுதியில் ஒரு வார நாளில் ஏறத்தாழ ஒரு கோடிப் பயணங்கள்.

ஒரு கோடிப் பயணத்தை எப்படிக் கண்ணால் பார்ப்பது? ஆர்மர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இதற்கென்றே ஒரு கருவி செய்து கொடுத்தது. பெயர் கார்ட்டோகிராஃபட்ரான். காந்த நாடாவிலிருந்து ஒவ்வொரு பயணமாக எடுத்து, தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே ஒரு நேர்கோட்டை டி.வி. போன்ற திரையில் இழுக்கும். கேமராவின் கண் திறந்தே இருக்கும். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழ விழ, பயணம் அதிகமான இடம் வெள்ளையாக எரியும். அந்தப் படங்களைப் பாருங்கள், கறுப்பு வானத்தில் ஏதோ வெடித்த மாதிரி இருக்கும். அந்தக் கோடுகளை 'விருப்பக் கோடுகள்' என்றார்கள். சாலை, ஆறு, அடுத்தவர் வீடு எதுவும் அதில் குறுக்கே வராது. இங்கிருந்து அங்கே போகணும் என்ற ஆசை மட்டும்தான்.

ஆசையைச் சாலையில் இறக்குவது அடுத்த வேலை. ஒவ்வொரு பயணமும் எந்தச் சாலை வழியாகப் போகும் என்று கணிக்க வேண்டும். பெல் ஆய்வகத்தின் எட்வர்ட் மூர், புதிரான பாதைகளில் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை 1957இல் முன்வைத்திருந்தார். டைக்ஸ்ட்ரா தன் வழிமுறையை வெளியிட்டது 1959இல். நாங்கள் மூன்றாவது செமஸ்டரில் மனப்பாடம் செய்தது டைக்ஸ்ட்ராவைத்தான். ஆனால் கரோலின் ஆட்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. மூரின் முறையை எடுத்து மொத்த நகரத்தின் சாலைகள் மீதும் கணினியில் ஓட்டினார்கள். இன்று என் போனில் நீலக் கோடு வருவதற்கான முன்கதைகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. எல்லோரையும் குறுகிய வழியிலேயே அனுப்பினால் அந்த வழி அடைத்துக்கொள்ளும், பிறகு அது குறுகிய வழியாக இருக்காது. நெரிசல் கூடக் கூட நேரம் எவ்வளவு கூடும் என்பதற்கு, பப்ளிக் ரோட்ஸ் துறை 1964இல் வெளியிட்ட கையேட்டில் ஒரு சூத்திரம் வந்தது. சாலையில் வரும் வண்டிகளை அதன் கொள்ளளவால் வகுத்து, நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 0.15ஆல் பெருக்கு. சாலை சரியாக நிரம்பினால் பயண நேரம் 15 சதவீதம் கூடும். இரண்டு மடங்கு வண்டி வந்தால் மூன்று மடங்குக்கும் மேல் ஆகும். இந்த 0.15ம் 4ம் இன்றும் உலகம் பூராவும் எத்தனையோ மென்பொருள்களில் மாறா இயல்புநிலை எண்களாக உட்கார்ந்திருக்கின்றன. நானே யோசிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

*

சிகாகோவின் அறிக்கை 1959, 1960, 1962 என மூன்று தொகுதிகளாக வந்தது. 1962இல் சிகாகோ காட்டிய பாதை கிட்டத்தட்ட நாட்டின் சட்டமே ஆனது. 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளில், 1965 ஜூலைக்குப் பிறகு மத்திய அரசின் சாலைப் பணம் வேண்டுமென்றால், மாநிலமும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து, தொடர்ச்சியாக, முழுமையாகத் திட்டமிட்டிருக்க வேண்டும். துறைகளுக்கு இடையிலான ஒத்துழைப்பு பெருந்தன்மையாக இருந்த காலம் முடிந்து நிபந்தனை ஆனது.

இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு தெருவை ஒரு துறை தார் போட்டு, அடுத்த வாரம் இன்னொரு துறை தோண்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நான்கு அரசு அமைப்புகள் ஒரே அட்டவணையை வைத்து வாதாடியது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஆனால் அந்த அட்டவணையில் என்ன இருந்தது? அக்கால வீட்டு நேர்காணல்களில் 'பயணம்' என்றால் பொதுவாக வண்டியேறிப் போவது. நடை பெரும்பாலும் வராது. பொதுப் போக்குவரத்து எண்ணப்பட்டது, ஏறத்தாழ நான்கில் ஒரு பயணம் அதில்தான். இருந்தும் திட்டத்தின் பெரும்பங்கு விரைவுச்சாலைகளுக்கே போனது.

திட்டத்தின் இலக்குகளாக ஆறு விஷயங்களை எழுதியிருந்தார்கள். வேகம், பாதுகாப்பு, குறைந்த ஓட்டும் செலவு, கட்டுமானச் சிக்கனம், குடியிருப்புகளுக்கு இடையூறு குறைப்பது, நல்ல நில வளர்ச்சி. முதல் நான்கையும் டாலராக மாற்ற முடிந்தது. கடைசி இரண்டையும் முடியவில்லை. எந்தத் திட்டம் சிறந்தது என்று தேர்ந்தெடுத்த கணக்கில் முதல் நான்குதான் இருந்தன. யாரும் சதி செய்யவில்லை. நேர்மையான ஆட்கள், இடையூறு முக்கியம் என்று எழுதியும் வைத்தார்கள். எண்ணாக்கத் தெரியாததால் அது முன்னுரையிலேயே நின்றுவிட்டது.

எண்ணாகாதவர்கள் தெருவில் இறங்கினார்கள். திட்டமிட்ட சாலைகளில் ஒன்று கிராஸ்டவுன் விரைவுச்சாலை. நகரின் மேற்குப் பகுதியை வடக்கு தெற்காக வெட்டிக்கொண்டு போக வேண்டியது. வழியில் வீடுகள், கடைகள், தேவாலயங்கள். அந்தக் குடியிருப்புகள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தன. 1979இல் அந்தச் சாலை கைவிடப்பட்டது. அதற்கான மத்திய அரசுப் பணத்தில் ஒரு பகுதி பொதுப் போக்குவரத்துக்குத் திரும்பியது. 1993இல் மிட்வே விமான நிலையத்துக்குத் திறந்த ஆரஞ்சு லைன் ரயிலுக்கு அந்தப் பணமும் உதவியது.

*

சிகாகோ முறை கடல் கடந்தது. 1960களின் இறுதியில் நம்மூரில் உருவான ஆய்வுப் பிரிவின் பெயரே மெட்ராஸ் ஏரியா டிரான்ஸ்போர்ட்டேஷன் ஸ்டடி யூனிட். பேருந்து, ரயில், சாலை எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கச் சென்னைக்கு ஓர் ஆணையம் வேண்டும் என்ற சட்டம் 2010இல்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பையனின் கேள்வி 1944இல் துல்சாவில் கேட்ட அதே கேள்வி.

துறைகள் சேர்ந்து வேலை செய்யணும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தனித்தனியாகத் தப்புச் செய்தால் ஒருவர் விட்டதை இன்னொருவராவது பிடிக்க வாய்ப்புண்டு. எல்லோரும் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, படிவத்தில் இல்லாதது யார் கண்ணிலும் படாது. அதனால் ஒத்துழைப்பு தொடங்கும் முதல் கூட்டத்தில் பேச வேண்டியது மென்பொருளைப் பற்றி அல்ல. 'பயணம்' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதைப் பற்றி.

போன வாரம் அம்மாவிடம் சும்மா கேட்டேன், "நேத்து எங்கெல்லாம் போனே?"

"எங்கயும் போகலையே" என்றாள்.

"பாப்பாவை ஸ்கூல்ல விட்டது?"

"அது போறதா? அது வேலைடா."

எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கு 600 மீட்டர். பாதி தூரத்துக்கு நடைபாதை கிடையாது. மழை பெய்தால் இருவரும் சாலையின் நடுவில்தான் நடக்கிறார்கள்.