ஆர்தர் ரேன்சமின் சிறுவர் கதைகளில் படகுகள்

ஆர்தர் ரேன்சம் (1884–1967) என்ற ஆங்கில எழுத்தாளரின் "சுவாலோஸ் அண்ட் அமேசான்ஸ்" வரிசை, பாய்மரப் படகோட்டத்தை மையமாகக் கொண்ட சிறுவர் கதைகளுள் புகழ்பெற்றது. 1930 முதல் 1947 வரை இவ்வரிசையில் 12 நூல்கள் வெளிவந்தன. கதைகளில் வரும் முக்கியப் படகுகள் சில, ரேன்சம் நன்கறிந்த உண்மைப் படகுகளை மாதிரியாகக் கொண்டவை.

தோற்றம்

1928 இல் சிரியாவின் அலெப்போ நகரில் மருத்துவராகப் பணியாற்றிய எர்னஸ்ட் ஆல்டூனியன், இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரிப் பகுதிக்குக் குடும்பத்துடன் வந்தார். பிள்ளைகள் படகோட்டப் பழகுவதற்காக சுவாலோ, மேவிஸ் என்னும் இரு சிறு படகுகள் வாங்கப்பட்டன. இவையே முதல் நூலின் சுவாலோ, அமேசான் படகுகளுக்கு மாதிரியாயின. ரேன்சம் அந்நூலை அப்பிள்ளைகளுக்குக் காணிக்கையாக்கினார். பின்னாளில் அவர்களுடனான தொடர்பைக் குறைத்துக் காட்ட விரும்பி, அக்காணிக்கையை நீக்கினார்.

இரு படகுகள்

கதையில் சுவாலோவுக்குப் பழுப்பு நிறப் பாயும் நிலையான அடிக்கட்டையும் உண்டு. அமேசானுக்கு வெள்ளைப் பாயும், ஆழம் குறைந்த இடத்தில் மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய நடுப்பலகையும் உண்டு. "சுவாலோடேல்" (1931) நூலில், காற்று வலுத்தபோது பாயைச் சுருக்காமல் ஜான் படகைச் செலுத்த, சுவாலோ பாறையில் மோதி மூழ்குகிறது. பிள்ளைகளே அதை மீட்கின்றனர். புதிய பாய்மரத்தை ஜான் தன் கையால் செதுக்குகிறான். தவறு செய்தவனே அதைச் சீர்செய்யவும் கற்கிறான்.

கடலில்

1937 இல் வெளிவந்த நூலில் வரும் கோப்ளின், ரேன்சமின் சொந்தப் படகான நான்சி பிளாக்கெட்டை மாதிரியாகக் கொண்டது. மூடுபனியில் நங்கூரம் பிடி தவற, நான்கு பிள்ளைகள் வட கடலுக்குள் இழுத்துச் செல்லப்படுகின்றனர். மணல்திட்டுகள் நிறைந்த கரையை இரவில் நெருங்குவதைவிட ஆழ்கடலே பாதுகாப்பானது என முடிவுசெய்து, நெதர்லாந்தின் பிளஷிங் துறைமுகத்தை அடைகின்றனர். இதை எழுதுவதற்காக ரேன்சம் தாமே அப்படகில் பிளஷிங் வரை சென்று வந்தார்.

இன்றைய நிலை

மேவிஸ் 1990 இல் அமேசான் எனப் பெயர் மாற்றப்பட்டு, கோனிஸ்டனில் உள்ள ரஸ்கின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. நான்சி பிளாக்கெட் ஓர் அறக்கட்டளையின் பராமரிப்பில் இன்றும் பயணம் செய்கிறது. விற்கப்பட்ட சுவாலோ மட்டும் காணாமற்போனது. வரிசையின் முதல் படகு இன்று கதையில் மட்டுமே மிதக்கிறது.