காமெட் லாரி: எண்ணூரில் பிறந்ததும் எஞ்சியிருப்பதும்

காமெட்: இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸ் வடிவமைத்த டீசல் சேஸ். 1951 முதல் சென்னையை அடுத்த எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் அதைப் பூட்டியது. 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய அதே நிறுவனம் அதைப் படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரித்தது. லாரி, டிப்பர், பேருந்து மூன்றும் இந்த ஒரே சேஸின் மேல் எழும்பின. சுதந்திர இந்தியாவின் சரக்குப் போக்குவரத்தில் பெரும் பங்கு வகித்தும், அதன் முதல் பத்தாண்டு வண்டிகளில் ஒன்று பிறந்த உருவிலேயே இன்று கிடைப்பது மிக அரிது. பழைய வண்டி ஆர்வலர்கள் தேடுவது பெரும்பாலும் முழு லாரியை அல்ல. ஒரு சேஸ் சட்டம், ஓர் இன்ஜின் பிளாக், ஒரு பித்தளைத் தகடு, ஓர் ஆர்.சி. புத்தகம்.

தோற்றம்

லேலண்ட் நிறுவனம் 1947இல் காமெட்டை அறிமுகப்படுத்தியபோது அதன் கண் வெளிநாட்டுச் சந்தை மேல் இருந்தது. போரில் கடன்பட்டிருந்த பிரிட்டன், ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கே இரும்பு ஒதுக்கீட்டில் முன்னுரிமை கொடுத்த காலம் அது. முன்னால் நீண்ட மூக்கும் வளைந்த இரும்புக் கேபினும் கொண்ட அந்த முதல் உருவம் லேலண்டுக்கே உரியதும் அல்ல. பிரிக்ஸ் மோட்டார் பாடீஸ் என்ற நிறுவனம் அடித்துக் கொடுத்த அதே கேபின்தான், முன்பக்க வேலைப்பாடு மட்டும் மாறி, பிரிட்டிஷ் டாட்ஜ் லாரியிலும் ஃபோர்டின் தேம்ஸ் லாரியிலும் உட்கார்ந்தது. மங்கலான பழைய புகைப்படம் ஒன்றில் மூக்கு நீண்ட லாரியைக் கண்டதும் காமெட் என்று முடிவு கட்டுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

தொடக்கத்தில் 300 கன அங்குலக் கொள்ளளவும் 75 குதிரைத் திறனும் கொண்ட ஆறு சிலிண்டர் இன்ஜின். அடுத்து வந்தது 350 கன அங்குல இன்ஜின், 90 குதிரைத் திறன். இந்தியாவுக்கு வந்த காமெட் 350இன் பெயரில் உள்ள எண் இந்தக் கன அங்குலமே. எடையையோ விலையையோ குறிப்பதல்ல.

எண்ணூர்

பஞ்சாபைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரர் ரகுநந்தன் சரண் 1948 செப்டம்பரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். நிறுவனப் பெயரில் இருப்பது அவருடைய மகன் அசோக்கின் பெயர். எண்ணூர் ஆலையில் 1949இல் முதலில் பூட்டப்பட்டது ஆஸ்டின் ஏ40 கார். கார் வாங்கும் கைகள் குறைவாக இருந்த நாட்டில் லாரிக்குத்தான் எதிர்காலம் என்று சரண் கணித்தது சரியாகவே இருந்தது. 1950இல் லேலண்டுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது: லேலண்ட் லாரிகளை இறக்குமதி செய்யவும், பூட்டவும், படிப்படியாக இங்கேயே தயாரிக்கவும் ஏழு ஆண்டுகளுக்குத் தனி உரிமை.

எண்ணூரில் பூட்டி முடிந்த முதல் லேலண்ட் வண்டிகள் 1951இல் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு விற்கப்பட்ட நான்கு காமெட் 350 டிப்பர்கள். எண்ணூர் லேலண்டின் முதல் வாடிக்கையாளர் ஓர் ஓட்டுத் தொழிற்சாலை என்பது பல நிறுவன வரலாறுகளில் ஒற்றை வரியாகக் கடந்துபோகிறது. வண்டி ஆர்வலர்களுக்கோ அந்த நான்கும் தலைப்பிள்ளைகள்.

சரண் விமான விபத்தொன்றில் இறந்துபோனார். லேலண்டைப் பங்கு முதலீட்டுக்கு அழைக்கும் பேச்சுவார்த்தையை மெட்ராஸ் மாநில அரசும் மற்ற பங்குதாரர்களும் முடித்துவைத்தனர். 1954இல் ஆண்டுக்கு 1,000 காமெட் தயாரிக்க மத்திய அரசின் உரிமம் கிடைத்தது. அடுத்த ஆண்டு லேலண்டும் பங்கு வாங்க, பெயர் அசோக் லேலண்ட் ஆயிற்று.

இதே வேளையில் களம் காலியாகிக்கொண்டிருந்தது. உள்நாட்டில் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே இனி இடம் என்று 1953இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்த பின், 1928 முதல் பம்பாயில் வண்டி பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கடையைக் கட்டியது, ஃபோர்டும் வெளியேறியது. அதே 1954இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா-மெர்சிடிஸ் பென்ஸ் புறப்பட்டது. பிரீமியரின் டாட்ஜும் ஃபார்கோவும், இந்துஸ்தான் மோட்டார்ஸின் பெட்ஃபோர்டும் இருந்தன என்றாலும், தெற்கே லாரி என்றால் லேலண்டா பென்ஸா என்ற கேள்விக்கு அடுத்த தலைமுறை பழகியது அந்த ஆண்டிலிருந்துதான்.

காமெட்டுக்கு முன் நம் சாலைகளில் ஓடியவற்றில் பல, போர் முடிந்து ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட செவர்லே, ஃபோர்டு பெட்ரோல் வண்டிகள். அவற்றில் பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை மாற்றிப் பூட்டுவது 1950களில் ஒரு தொழிலாகவே நடந்தது. ஆலையிலிருந்தே டீசலோடு வந்த கனமான சேஸ் என்பதுதான் காமெட்டின் பெரிய ஈர்ப்பு.

பேருந்தாக

லாரி சேஸின் மேல் பயணிகள் கூடு கட்டியதே காமெட் பேருந்து. ஐதராபாத், திருவிதாங்கூர், பம்பாய் அரசுப் போக்குவரத்துகளும் தில்லிப் போக்குவரத்து ஆணையமும் அகமதாபாத் நகராட்சியும் வாங்கின. 1963 வாக்கில் இந்தியாவின் எல்லா மாநிலப் போக்குவரத்து நிறுவனங்களிலும் காமெட் இருந்தது. 8,000க்கும் மேல் ஓடின. பின்னால் டைகர், 1967இல் மாடிப் பேருந்துக்கான டைட்டன், ராணுவத்துக்கு 1970இல் ஆயிரம் ஹிப்போ டிப்பர்கள் என்று எண்ணூரின் பட்டியல் நீண்டது. காமெட் என்ற பெயர் அவற்றையெல்லாம் தாண்டி ஓடியது. பிற்காலக் காமெட் 1611 பெயரில் முன்னிரண்டு இலக்கம் மொத்த எடையை டன்னிலும், பின்னிரண்டு திறனைத் தோராயமாகப் பத்துக் குதிரைக் கணக்கிலும் சொல்பவை. ஈகோமெட் என்ற சிறிய லாரியில் பெயரின் வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன் எஞ்சவில்லை

வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நாற்பது ஆண்டு தூங்கிய பழைய கார் உண்டு. லாரிக்கு அந்த வாழ்வு இல்லை. அது நின்ற நாளெல்லாம் முதலாளிக்கு நட்டம். ஓட முடியாமல் போன நாளில் அது இரும்பு விலை.

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. எண்ணூரிலிருந்து புறப்பட்டது பெரும்பாலும் வெறும் சேஸ். கேபினும் சரக்குக் கூடும் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர் வட்டாரப் பட்டறைகளில் தேக்கும் வேம்பும் தகடுமாகக் கட்டப்பட்டன. எட்டுப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கூட்டைக் கழற்றிப் புதிதாகக் கட்டுவது வழக்கம். இன்ஜின் தேய்ந்தால் போரிங் போட்டு, கிராங்கைத் தேய்த்து, அதுவும் முடிந்தால் வேறு பிளாக் இறக்குவார்கள். கிரவுன் பல்சக்கரம் வேறு வண்டியிலிருந்து வரும். கமான் பட்டை உடைந்துகொண்டே இருக்கும். சட்டமே விரிசல் விட்டால் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். இருபது ஆண்டு ஓடிய லாரியில் ஆலை கொடுத்தது எது என்று கேட்டால், நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்களும் அவற்றில் குத்திய எண்ணும்தான். காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறவர்களின் அளவுகோலை லாரிமேல் வைப்பது தவறு. எண்ணூர்க் காமெட்டுக்கு ஒரே அசல் உருவம் என்று ஒன்று இருந்ததே இல்லை; பட்டறைக்குப் பட்டறை ஒரு முகம். எனவே 1970களில் சங்ககிரியில் கட்டிய மரக் கேபினோடு கிடைக்கும் காமெட்டை மாற்றப்பட்டது என்று தள்ளாமல், அதுவே அந்த வண்டியின் முழு வரலாறு என்று கொள்வதே பொருத்தம்.

பாகங்கள் வேறு வாழ்வுக்கும் போயின. பழைய லாரிச் சேஸ்கள் தண்ணீர் டேங்கராயின. திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்குகளைச் சுமந்தன. கழற்றிய இன்ஜின் ஜெனரேட்டரை ஓட்டியது. மிஞ்சியதைக் காயலான் கடை எடை போட்டது.

தடயங்கள்

தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது சட்டத்தில் குத்திய எண், பிறகு இன்ஜின் எண், அதன் பிறகே தகடு. தகடு கழன்று வேறு வண்டிக்குப் போகும். சட்டத்தில் குத்திய எண்ணைத் தடயமில்லாமல் மாற்றுவது கடினம். பிரிட்டிஷ் ஏற்றுமதிக் காமெட்டுகளின் வகைக் குறியீடு சரக்கு வண்டிக்கும் பயணி வண்டிக்கும் வேறுவேறு என்பதால், இப்போது லாரியாக நிற்பது ஒரு காலத்தில் பேருந்தாகப் பிறந்ததா என்பதையும் அதில் படிக்கலாம். நேர்மாறாகவும் நடந்திருக்கிறது.

அடுத்த தடயம் பதிவெண். 1989க்கு முன் மாநிலத்தில் மூன்றெழுத்துப் பதிவு முறை இருந்தது. மெட்ராஸ் மாநிலக் காலத்துத் தொடர்கள் ‘எம்’ எழுத்தில் தொடங்கும்; 1969 சனவரியில் மாநிலம் தமிழ்நாடு ஆன பிறகு வந்தவை ‘டி’யில் தொடங்கும். ஒரு புகைப்படத்தில் பலகை தெரிந்தால் போதும், பத்தாண்டுக்குள் வண்டியைக் கட்டிப்போடலாம். பழைய தமிழ்ப் படங்களின் வெளிப்புறக் காட்சிகளை ஆர்வலர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். கதாநாயகன் பின்னால் கடந்துபோகும் லாரிக்குத்தான் அங்கே மதிப்பு.

பெரிய சாலையில் இளைத்த லாரி சின்ன சாலைக்கு இறங்கும். செங்கல், மணல், கரும்பு, விறகு என்று குறுந்தொலைவு ஓட்டத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்கும். ஆகவே தேடலும் நெடுஞ்சாலையை விட்டு மலையடிவாரங்களுக்குப் போகிறது. ஜவ்வாது மலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் மேலேறும் பாதைகளில் சாமையும் புளியும் பலாவும் இறங்கிவருகின்றன. அந்த மலையின் இன்னொரு சரக்கு சந்தனம். அது முறைப்படி வந்து சேரும் இடம் திருப்பத்தூர் சந்தனக் கிடங்கு. முறைகெட்டு இறங்கியபோது பிடிபட்ட வண்டிகளை, 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் 49-ஏ பிரிவின்படி வனத்துறை பறிமுதல் செய்யலாம். இப்படிப் பிடிபட்ட லாரி வழக்கு முடியும்வரை அலுவலக வளாகத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கும். யாரும் பாகம் கழற்றி மாற்றுவதில்லை, பட்டறைக்கும் போவதில்லை. துரு தின்றாலும் பிடிபட்ட நாளின் உருவத்திலேயே நிற்கிறது. வழக்குக் கோப்பில் பதிவெண், சேஸ் எண், உரிமையாளர் விவரம் எழுத்தில் இருக்கும். லாரி வரலாற்றுக்குக் குற்ற ஆவணம் செய்யும் உதவியைப் போக்குவரத்து ஆவணம்கூடச் செய்ததில்லை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. லேலண்ட் ஊரிலேயே, பழைய ஆலைக் கட்டடத்தில், 1983 முதல் பிரிட்டிஷ் வணிக வாகன அருங்காட்சியகம் இயங்குகிறது. நிறுவனத்தின் பழைய பதிவேடுகளும் அதன் காப்பகத்தில் சேர்ந்திருக்கின்றன. லிவர்பூலின் டிங்கி பொம்மை நிறுவனம் 1949 வாக்கில் காமெட் லாரியைச் சிறு உலோகப் பொம்மையாக வார்த்தது. அந்தப் பொம்மையின் ஒவ்வொரு வண்ண மாற்றத்துக்கும் இன்று அட்டவணை உண்டு. எண்ணூர்க் காமெட்டின் கேபின் வகைகளுக்கு அப்படி ஓர் அட்டவணை இனிமேல்தான் எழுதப்பட வேண்டும். இந்தியாவில் கோவையின் ஜீடி அருங்காட்சியகம் கார்களுக்கானது. குருகிராம் அருகே தவ்ருவில் 2013இல் திறந்த பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகம் வண்டி, ரயில், படகு என்று அகலமாகப் போகிறது.

சட்டத்தின் நிலை

2021 சூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள சிறப்புப் பலகை, புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்தாண்டு. ஆனால் விதியின் வரையறை இருசக்கர வண்டிகளையும், வணிகமல்லாத சொந்தப் பயன்பாட்டு நான்கு சக்கர வண்டிகளையும் மட்டுமே பழம்பெரும் வாகனமாக ஏற்கிறது. சரக்கு வண்டியாகவே பிறந்து சரக்கு வண்டியாகவே பதிவான காமெட் இதற்குள் வராது. விதியை எழுதியவர்களின் மனத்தில் மகாராஜாக்களின் கார்கள் இருந்தன என்று தோன்றுகிறது.

மறுபக்கம், 15 ஆண்டு கடந்த கனரகச் சரக்கு வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று) கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாய் ஆயிற்று. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரலோடு ரத்தாகும் என்ற ஆணையால், அரசுத் துறைகளின் பின்முற்றங்களில் நின்ற பழைய லாரிகளும் உடைப்பகத்துக்கு வரிசையில் நின்றன. ஒரு காமெட்டைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டி, வரியும் காப்பீடும் கட்டிச் சரக்கு வண்டியாகவே அதை வைத்திருக்கலாம். அல்லது பதிவை ரத்துசெய்துவிட்டுக் காட்சிப்பொருளாக நிறுத்தலாம். அப்போது கண்காட்சிக்குக் கொண்டுபோக அதை இன்னொரு லாரியில் ஏற்ற வேண்டும்.